எண்பது எழுத்துக்கு ஒரு தனித் திரை

என் மேஜையில் மானிட்டருக்குக் கீழே ஒரு குட்டித் திரை இருக்கிறது. நாலு வரி, வரிக்கு இருபது எழுத்து, ஆக மொத்தம் எண்பது. மஞ்சளும் பச்சையும் கலந்த வெளிச்சத்தில் கறுப்பு எழுத்துகள். படம் வராது, வண்ணம் வராது, தொட்டால் ஒன்றும் நடக்காது. பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “இவ்ளோ பெரிய மானிட்டர் இருக்கே, அப்புறம் எதுக்கு இது?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டு, இதை எப்படிச் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எதற்கு இது?

பெரிய திரையில் எந்த விண்டோ மேலே இருக்கிறதோ அதுதான் கண்ணுக்குத் தெரியும். பின்னால் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை சதவீதம் ஆச்சு என்று பார்க்க விண்டோவை மாற்றினால், பக்கத்திலேயே பிரவுசர் திறந்திருக்கும். அதில் ஒரு செய்தி, செய்தியிலிருந்து ஒரு வீடியோ. பேக்கப் எத்தனை சதவீதம் என்பதைத் தவிர ஊரில் நடக்கும் மற்ற எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு திரும்பி வருவோம். தனியாக ஒரு திரை இருந்தால் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும்.

இரண்டாவது காரணம், மானிட்டரே இல்லாத கம்ப்யூட்டர்கள். மூலையில் ஒரு ராஸ்பெர்ரி பையோ, பழைய லேப்டாப்போ வீட்டு சர்வராக ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் அதற்குப் புது ஐபி முகவரியைக் கொடுத்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்க ரவுட்டருக்குள் நுழைந்து பட்டியலைத் தேட வேண்டும். அந்த முகவரியை மட்டும் காட்ட நாலு வரித் திரை ஒன்று இருந்தால் அந்தத் தேடல் மிச்சம்.

செய்முறைக்குள் போகும் முன் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரித் திரைக்கு அறிவு இருக்கக் கூடாது. கணக்குப் போடுவது, தேர்ந்தெடுப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிட வேண்டும். திரை, வந்ததை வந்தபடி காட்டினால் போதும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் தானாக வரும்.

என்ன வாங்க வேண்டும்?

மூன்றே சாமான். 20க்கு 4 எல்சிடி ஒன்று, அர்டுயினோ நானோ என்ற குட்டிக் கட்டுப்பாட்டு போர்டு ஒன்று, இரண்டையும் இணைக்க நாலு ஒயர். சென்னைக்காரர்களுக்கு வழி சொல்லத் தேவையில்லை, ரிச்சி ஸ்ட்ரீட். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆன்லைனில் கிடைக்கும். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும்.

“நாலு லைன் எல்சிடி வேணும்ணா.”

“ட்வென்டி பை ஃபோரா? க்ரீனா, ப்ளூவா?”

“க்ரீன். பின்னாடி ஐ2சி போர்டு வெச்சதா குடுங்க.”

“தனித்தனியா வாங்கி நீங்களே சால்டர் பண்ணிக்கிட்டா கொஞ்சம் கம்மியாவும் தம்பி.”

“பதினாறு கால்ணா. ஒட்டினதையே குடுத்துடுங்க.”

பச்சையா நீலமா என்பது வெறும் அழகுக் கேள்வி இல்லை. நீலத்தில் பின்னணி கருநீலம், எழுத்து வெள்ளை. பின்விளக்கு அணைந்தால் எழுத்தும் போச்சு. பச்சையில் பின்விளக்கு இல்லாவிட்டாலும் பகல் வெளிச்சத்திலேயே படிக்கலாம். நாள் முழுக்க ஓடப்போகிற திரைக்குப் பச்சைதான் என் சிபாரிசு.

பின்னால் ஒட்டியிருக்கும் அந்த ஐ2சி போர்டும் பெரிய உபகாரம் செய்கிறது. எல்சிடிக்குப் பதினாறு கால். நேரடியாக இணைத்தால் சிக்கனமாகப் பார்த்தாலும் சிக்னலுக்கு மட்டும் ஆறு ஒயர் வேண்டும், மின்சாரத்துக்கும் கான்ட்ராஸ்ட்டுக்கும் தனி. போர்டில் இருக்கும் பிசிஎஃப்8574 என்ற சிப் அதையெல்லாம் இரண்டு சிக்னல் ஒயருக்குள் அடக்கிவிடுகிறது. ஐந்து வோல்ட், கிரவுண்ட், இரண்டு சிக்னல், ஆக நாலே ஒயர். நானோவில் ஏ4 காலுக்கு டேட்டா, ஏ5 காலுக்குக் கிளாக்.

ராஸ்பெர்ரி பையில் நேரடியாகச் செருக நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த ஐ2சி போர்டு சிக்னல் ஒயர்களை ஐந்து வோல்ட்டுக்கு இழுத்து வைத்திருக்கும். பையின் கால்கள் 3.3 வோல்ட்டைத் தாண்டித் தாங்காது. நடுவில் லெவல் கன்வெர்ட்டர் ஒன்றைப் போடுங்கள். இல்லாவிட்டால் பைக்கும் ஒரு நானோவை யுஎஸ்பியில் மாட்டிவிடுங்கள், நிம்மதி.

உள்ளே இருக்கும் பழைய சிப்

இந்த எல்சிடிகள் எல்லாவற்றுக்கும் மூலம் 1980களில் ஹிட்டாச்சி கொண்டுவந்த எச்டி44780 என்ற சிப். இன்று கடையில் கிடைப்பவற்றில் இருப்பது வேறு கம்பெனி செய்த நகல் சிப்தான். ஆனாலும் கட்டளைகள் அப்படியே பழையவை. ஜெராக்ஸ் மெஷின், பில் போடும் மெஷின், இன்வெர்ட்டர், முப்பரிமாண பிரிண்டர் என்று எங்கெல்லாம் கட்டம் கட்டமாக எழுத்து ஓடுகிறதோ, அங்கெல்லாம் அநேகமாக இந்தக் குடும்பம்தான்.

ஒரு காலத்தில் இதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க நடுவில் எதுவுமே தேவைப்படவில்லை. பிரிண்டருக்கென்று இருந்த 25 முனைப் பேரலல் போர்ட்டில் எட்டு டேட்டா ஒயர்கள் இருந்தன. எல்சிடியிலும் எட்டு. நேருக்கு நேர் ஒட்டினால் வேலை முடிந்தது. சிடி டிரைவ் போடும் இடத்தில் எல்சிடியைப் பொருத்தி, பாட்டுப் பெயரையும் பிராசஸர் சூட்டையும் ஓடவிடுவது கேபினெட்டை அலங்கரிக்கிறவர்களுக்குள் பெரிய மோகமாக இருந்தது. விண்டோஸில் எல்சிடி ஸ்மார்ட்டி, லினக்ஸில் எல்சிடிபிராக் என்ற மென்பொருள்கள் அதற்குப் பயன்பட்டவைதான். இன்றைய கம்ப்யூட்டரில் பேரலல் போர்ட் இல்லை. யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள்கள் பிரிண்டரோடு மட்டும்தான் பேசும், ஒவ்வொரு ஒயரையும் நம் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்க விடாது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் நானோ.

இந்தச் சிப்பை எழுப்புவதில் ஒரு வேடிக்கை உண்டு. நானோவில் போடும் எல்சிடி லைப்ரரி இதைத் தானே செய்துவிடும். ஆனாலும் ஏன் என்று தெரிந்தால் ரசிக்கலாம். சிப்போடு எட்டு எட்டு பிட்டாகவும் பேசலாம், ஒயரை மிச்சப்படுத்த நாலு நாலாகப் பிரித்தும் பேசலாம். நாம் பேசத் தொடங்கும்போது அது எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. எட்டு முறையில் இருக்கலாம். நாலு முறையில் முதல் பாதிக்காகக் காத்திருக்கலாம். முதல் பாதியை வாங்கிக்கொண்டு இரண்டாம் பாதிக்காகவும் காத்திருக்கலாம். திருப்பிக் கேட்கவும் வழியில்லை.

அதற்கு ஹிட்டாச்சிக்காரர்கள் சொன்ன வழி, 3 என்ற எண்ணை மூன்று தடவை அனுப்பு என்பதுதான். 3 என்று தொடங்கும் கட்டளைக்கு ‘எட்டு முறைக்கு மாறு’ என்று பொருள். ஏற்கெனவே எட்டில் இருந்தால் மூன்று தடவையும் அதையே கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும். நாலில் முதல் பாதிக்குக் காத்திருந்தால், முதல் இரண்டு 3களும் சேர்ந்து ஒரு முழுக் கட்டளையாகி அதை எட்டுக்கு மாற்றிவிடும். இரண்டாம் பாதிக்குக் காத்திருந்தால், முதல் 3 ஏதோ அரைகுறைக் கட்டளையை முடித்து வைக்கும், அடுத்த இரண்டும் சேர்ந்து எட்டுக்கு மாற்றும். எந்த நிலையில் தொடங்கினாலும் மூன்றாவதுக்குப் பிறகு அது எட்டு முறையில்தான் இருந்தாக வேண்டும். பிறகு ஒரே ஒரு 2 அனுப்பினால் நாலுக்கு வந்துவிடும். எதிராளி என்ன நிலையில் இருக்கிறான் என்று கேட்காமலே அவனை நமக்குத் தெரிந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும் இந்தச் சாமர்த்தியத்துக்கு நான் ரசிகன்.

நாலு வரி என்பது கண்ணுக்கு மட்டும்

சிப்புக்குள் எண்பது எழுத்துக்குத்தான் இடம். அதுவும் நாற்பது நாற்பதாக இரண்டு வரி. 20க்கு 4 திரையைச் செய்தவர்கள் அந்த நாற்பதை நடுவில் வெட்டி, பின்பாதியை இரண்டு வரி கீழே தள்ளி வைத்திருக்கிறார்கள். அதனால் முதல் வரியில் இருபத்தோராவது எழுத்தை எழுதினால் அது இரண்டாம் வரிக்குப் போகாது, மூன்றாம் வரியில் போய் உட்காரும். இரண்டாம் வரி நிரம்பினால் நாலாம் வரிக்கு. வரித் தொடக்கங்களின் முகவரி வரிசையாக 0, 64, 20, 84. ‘எழுத்தெல்லாம் வரி தாண்டிக் குதிக்கிறதே’ என்று யாராவது புலம்பினால் காரணம் இதுதான். ஒவ்வொரு வரியையும் எழுதும் முன் கர்சரை அந்த வரியின் தொடக்கத்தில் வைத்துவிட்டு, சரியாக இருபது எழுத்தை மட்டும் எழுதினால் பிரச்சினையே இல்லை.

இருபதுக்குக் குறைவாக இருந்தால் மீதியை வெற்றிடத்தால் நிரப்புங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பழைய எழுத்தை அழிக்கத் திரையைத் துடைக்கும் கட்டளையைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு தடவையும் திரை ஒரு கணம் வெறுமையாகி மினுக்கும். ஓர் எழுத்தை எழுத 37 மைக்ரோசெகண்ட் போதும், துடைக்க ஒன்றரை மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். பழையதன் மேலேயே புதியதை எழுதினால் மினுக்கல் கிடையாது.

முதன்முதலில் மின்சாரம் கொடுத்ததும் வெளிச்சம் மட்டும் வந்து எழுத்து ஒன்றும் தெரியாவிட்டால் பயப்படாதீர்கள். பின்னால் ஐ2சி போர்டில் ஒரு சின்ன நீலப் பெட்டி, அதன் நடுவில் ஸ்க்ரூ மாதிரி ஒன்று இருக்கும். கான்ட்ராஸ்ட் அதில்தான். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திருப்புங்கள். முதல் வரியிலும் மூன்றாம் வரியிலும் கறுப்புக் கட்டங்கள் தெரிந்தால் திரையில் பழுதில்லை, சிப் இன்னும் எழுப்பப்படவில்லை என்று அர்த்தம். ஒயரைச் சரிபாருங்கள், பிறகு முகவரியைப் பாருங்கள். ஐ2சி போர்டின் முகவரி ஹெக்ஸ் கணக்கில் 27 ஆகவோ 3எஃப் ஆகவோ இருக்கும். சிப்பின் பெயர் ஏ என்று முடிந்தால் பெரும்பாலும் இரண்டாவது.

நூறு கோடுகள்

இந்தச் சிப்பில் நாமே எட்டு எழுத்துகளை வரைந்து வைத்துக்கொள்ளலாம். ஓர் எழுத்து என்பது ஐந்து புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரம். இதை வைத்து ஒரு முன்னேற்றப் பட்டை செய்யலாம். வரிக்கு இருபது கட்டம், கட்டத்துக்கு ஐந்து புள்ளி, பெருக்கினால் நூறு. ஒரு சதவீதத்துக்கு ஒரு கோடு, அச்சாகப் பொருந்துகிறது.

இதற்கு நாலு எழுத்து வரைந்தால் போதும்: ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று, நாலு. ஐந்தும் நிரம்பிய முழுக் கட்டம் சிப்பிலேயே 255ஆம் எண்ணில் இருக்கிறது. பேக்கப் 63 சதவீதம் என்றால் பன்னிரண்டு முழுக் கட்டம், பக்கத்தில் மூன்று கோட்டு எழுத்து ஒன்று. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி தெரியத்தான் செய்யும். இரண்டு நாளில் கண் அதை மறந்துவிடும். மீதி நாலு இடத்தில் பேட்டரி, மேல் அம்பு, கீழ் அம்பு என்று விருப்பம்போல் வரைந்துகொள்ளுங்கள். டிகிரிக் குறிக்காக ஓர் இடத்தை வீணாக்க வேண்டாம். ஜப்பானிய எழுத்துகளோடு வரும் வழக்கமான சிப்பில் 223ஆம் எண்ணில் அதுவும் தயாராக இருக்கிறது.

நானோவுக்கு என்ன வேலை?

என் கட்சி இங்கேதான் செயலுக்கு வருகிறது. நானோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்கு ராம் இரண்டே கிலோபைட். அதில் போய் தேதி, சூடு, சதவீதம் என்று கணக்குப் போட வைத்தால், ஒவ்வொரு தடவை மனசு மாறும்போதும் கேபிளைச் செருகிப் புரோகிராமை ஏற்ற வேண்டும். அதனால் நானோவுக்கு நான் கொடுத்த வேலை ரொம்பக் குறைவு. யுஎஸ்பி வழியாக வரி எண் ஒன்று வரும், பின்னாலேயே இருபது எழுத்து வரும், கடைசியில் வரி முடிவுக் குறி. அந்த வரியில் அந்த இருபது எழுத்தையும் போட வேண்டும். அவ்வளவுதான். 9600 பாட் வேகமே தாராளம். அதில் செகண்டுக்கு 960 எழுத்து போகும். முழுத் திரையையும் செகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிரப்பிவிடலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நானோ சொந்தமாக முடிவெடுக்கிறது. பத்து செகண்டுக்கு எந்த வரியும் வராவிட்டால் பழைய எழுத்தையெல்லாம் துடைத்துவிட்டுத் ‘தொடர்பு இல்லை’ என்று ஆங்கிலத்தில் காட்டி, பின்விளக்கை அணைத்துவிடும். இது அவசியம். கம்ப்யூட்டர் உறைந்து நின்றுவிட்டால் திரையில் கடைசியாக வந்த எண்கள் அப்படியே நிற்கும். சூடு 52 டிகிரி, பேக்கப் 40 சதவீதம் என்று சாவகாசமாகக் காட்டிக்கொண்டிருக்கும், நாமும் நம்பிக்கொண்டிருப்போம். பழைய தகவலைப் புதியது போலக் காட்டும் திரைக்கு, எதுவுமே காட்டாத திரை எவ்வளவோ மேல். இந்த ஒரு வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்க முடியாது, அது நின்றுபோனால் சொல்ல வேறு ஒருவர் வேண்டும் அல்லவா?

நானோவின் இன்னொரு குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சீரியல் போர்ட்டைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அது ரீசெட் ஆகும். புரோகிராம் ஏற்ற வசதிக்காக வைத்த ஏற்பாடு அது. எனவே போர்ட்டைத் திறந்ததும் இரண்டு செகண்ட் பொறுத்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். வரிக்கு வரி திறந்து மூடாமல், ஒரே தடவை திறந்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் பக்கம்

இங்கே பைத்தான் போதும். யுஎஸ்பியோடு பேச பைசீரியல், கம்ப்யூட்டரின் நாடி பிடிக்க பிஎஸ்யுடில். பிராசஸர் எவ்வளவு வேலை செய்கிறது, மெமரி எவ்வளவு மிச்சம், நெட்டில் எவ்வளவு வந்தது போனது, பேட்டரி எத்தனை சதவீதம் என்று இரண்டாவது லைப்ரரி ஒற்றை வரியில் சொல்லிவிடும். சூட்டை லினக்ஸில் சொல்லும், விண்டோஸில் சொல்லாது. விண்டோஸ்காரர்கள் அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் புதுப்பிக்காதீர்கள். கடிகாரம் செகண்டுக்கு ஒரு தடவை. சூடு மூன்று நாலு செகண்டுக்கு ஒரு தடவை போதும். ஐபி முகவரி நிமிஷத்துக்கு ஒரு தடவை. எண்கள் ஓயாமல் துள்ளினால் கண் அங்கேயே போகும். வேலையிலிருந்து கண்ணை இழுக்கத்தான் இத்தனை பாடா?

லினக்ஸ்காரர்களுக்கு இரண்டு குறிப்பு. உபுண்டு மாதிரியானவற்றில் உங்கள் கணக்கு டயல்அவுட் குழுவில் இல்லையென்றால் போர்ட்டைத் திறக்க அனுமதி கிடைக்காது. அடுத்தது கொஞ்சம் விநோதமானது. மலிவு விலை நானோக்களில் யுஎஸ்பிக்கு சிஎச்340 என்ற சிப் இருக்கும். உபுண்டு 22.04இல் அதைச் செருகினால் போர்ட் தோன்றிய வேகத்தில் மறைந்துவிடுவதுண்டு. காரணம், பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள். சில பிரெயில் திரைகளிலும் இதே யுஎஸ்பி சிப் இருப்பதால், நம் நானோவையும் பிரெயில் திரை என்று எண்ணி அது எடுத்துக்கொள்கிறது. அந்தக் கம்ப்யூட்டரில் யாரும் பிரெயில் திரை பயன்படுத்தவில்லை என்றால் அதை நீக்கிவிடலாம். பயன்படுத்துகிறார்கள் என்றால் நீக்காதீர்கள், விதியை மட்டும் மாற்றுங்கள். வெளியே ஓர் எழுத்துத் திரை என்ற யோசனையில் அவர்கள் நமக்கு முன்னோடிகள்.

எதைக் காட்டுவது?

சாமானை இணைப்பதை விட இதுதான் கஷ்டம். எண்பது எழுத்து என்றதும் எல்லாவற்றையும் திணிக்கத் தோன்றும். ஒரு விஷயத்தைப் பார்க்க நான் இப்போது விண்டோ மாற்றுகிறேனா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆமாம் என்றால் அதற்கு இடம் உண்டு. இல்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

என் திரையில் முதல் வரி நேரமும் கிழமையும். இரண்டாம் வரி பிராசஸரின் சூடும் சுமையும். மூன்றாம் வரி நெட் வேகமும் யுபிஎஸ் பேட்டரியும். நாலாம் வரி அந்த நேரத்தில் எது ஓடுகிறதோ அதன் பட்டை. எதுவும் ஓடாவிட்டால் காலி. காலி வரியைப் பார்த்தால் கை பரபரக்கும், அதில் எதையாவது போடச் சொல்லும். விட்டுவிடுங்கள். காலியாக இருந்தால்தான் அதில் ஏதாவது வரும்போது கண்ணில் படும்.

மூன்றாம் வரிக்கு வீட்டில் இன்னொரு பயனாளியும் உண்டு. கரண்ட் போனதும் உள்ளேயிருந்து அம்மா, “டேய், யுபிஎஸ் இன்னும் எவ்ளோ இருக்கு?” என்பார். பார்த்துச் சொன்னால் அதற்குத் தக்கபடி மோடத்தை வைப்பதா அணைப்பதா என்று உத்தரவு வரும்.

மெசேஜும் மெயிலும் இதில் வேண்டாம். ஓடிபி எண் பளிச்சென்று மேஜை மேல் ஓடினால் பக்கத்தில் நிற்பவருக்கும் அது தெரியும். நோட்டிஃபிகேஷனிலிருந்து தப்பிக்க வாங்கிய திரையில் நோட்டிஃபிகேஷனையே ஓட்டுவதில் அர்த்தமும் இல்லை.

தமிழ் தெரியுமா?

இந்தக் கேள்விக்காகவே சிலர் இவ்வளவு தூரம் படித்திருப்பீர்கள். எல்சிடியில் தெரியாது. முயற்சி செய்தால் ஓரளவுக்கு வரும், ஆனால் பொம்மை வேலைதான். ட, ப, ம மாதிரி நேர்க்கோட்டு எழுத்துகள் ஐந்துக்கு எட்டுப் புள்ளிக்குள் கச்சிதமாக வந்துவிடும். ண, ஞ மாதிரிச் சுழிகள் வராது, இரண்டு கட்டமாவது வேண்டும். ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். வ ஒன்று, ணவுக்கு இரண்டு, க் ஒன்று, க ஒன்று, ம் ஒன்று. ஆறு இடம் காலி. நம்மிடம் இருப்பதே எட்டு. அடுத்த சொல்லுக்கு இடத்தை மாற்றி வரைந்தால், திரையில் ஏற்கெனவே இருக்கும் எழுத்தும் கூடவே மாறிப்போகும்.

வழி இருக்கிறது, திரையை மாற்ற வேண்டும். எஸ்எஸ்டி1306 சிப் வைத்த 128க்கு 64 புள்ளி ஓஎல்இடி எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதே நாலு ஒயர், அதே நானோ. இதில் எழுத்துக் கட்டம் கிடையாது, வெறும் புள்ளிகள்தான். எதை வேண்டுமானாலும் வரையலாம்.

பலர் இந்த இடத்தில் தமிழ் எழுத்துருவை நானோவுக்குள் ஏற்றப் பார்க்கிறார்கள். வேண்டாம். யூனிகோடில் ‘கொ’ என்பது க, அதன் பின் ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒற்றைக் கொம்பு கவுக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். டு, கு, ரு என்று ஒவ்வொரு எழுத்தும் உகரத்தை ஒவ்வொரு விதமாக ஏற்கிறது. இதையெல்லாம் சரியாகச் செய்ய ஹார்ஃப்பஸ் மாதிரி ஓர் எழுத்தமைப்பு இயந்திரம் வேண்டும். இரண்டு கிலோபைட் ராமில் அது நடக்காது.

கம்ப்யூட்டரிலோ அது ஏற்கெனவே இருக்கிறது. பைத்தானில் பில்லோ என்ற பட லைப்ரரியை ராக்ம் வசதியோடு நிறுவிக்கொண்டு, 128க்கு 64 அளவில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து, அதில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் எழுதுங்கள். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் வந்து உட்காரும். பிறகு அந்தப் படத்தை அப்படியே நானோவுக்கு அனுப்பிவிடுங்கள். எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் வீதம் முழுப் படமும் 1024 பைட்தான். 115200 பாட் வேகத்தில் செகண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் போய்ச் சேரும். நானோ அதைச் சேர்த்து வைக்கக்கூட வேண்டாம், வரவரத் திரைக்குத் தள்ளிவிடலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்தத் திரையில் ஒரு பைட் என்பது படுக்கைவாட்டில் எட்டுப் புள்ளி இல்லை, மேலிருந்து கீழாக எட்டு. அதன்படி படத்தைப் பிரித்து அடுக்காவிட்டால் எழுத்து நொறுங்கித் தெரியும். தமிழுக்கு மேலே புள்ளிக்கும் கீழே உகரத்துக்கும் இடம் வேண்டும் என்பதால் மூன்று வரிக்கு மேல் ஆசைப்படாதீர்கள். எழுத்துருவைத் தடித்த வகையில் எடுங்கள். மெல்லிய வகையில் கோடுகள் அங்கங்கே அறுந்துபோகும்.

ஓஎல்இடிக்கு ஒரு குறை உண்டு. ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாதக்கணக்கில் எரிந்தால் அந்தப் புள்ளிகள் மங்கி, தடம் பதிந்துவிடும். படத்தை அவ்வப்போது ஓரிரு புள்ளி நகர்த்தி அனுப்புங்கள். இரவில் அணைத்துவிடுங்கள். இரண்டையும் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே செய்யலாம், நானோவைத் தொட வேண்டியதில்லை.

பெட்டி

எல்சிடி பலகை 98க்கு 60 மில்லிமீட்டர். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் அடக்கமாகப் பொருந்தும். ஜன்னலை வெட்ட, கோட்டுக்கு உட்புறமாக வரிசையாகத் துளை போட்டு உடைத்து, பிறகு அரத்தால் தேய்த்துக் கோடு வரை கொண்டுவாருங்கள். இத்தகைய எல்சிடிகளில் பெரும்பாலானவை நேராகவோ, சற்றுக் கீழிருந்தோ பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். மேஜையில் வைத்து மேலிருந்து பார்த்தால் மங்கும். அதனால் பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தாமல், முகம் உங்களை அண்ணாந்து பார்க்கும்படி பின்புறமாகச் சாய்த்துப் பொருத்துங்கள். ஸ்க்ரூவை முடுக்கும் முன் கான்ட்ராஸ்ட்டை அந்தச் சாய்விலேயே வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள், பிறகு கைக்கு எட்டாது.

கடைசியாக ஒரு வார்த்தை

ஆங்கில எழுத்தும் எண்களும் போதும், நாள் முழுக்க எரிய வேண்டும் என்றால் பச்சை எல்சிடி. தமிழ் வேண்டும் என்றால் ஓஎல்இடி. எதை எடுத்தாலும் முதலில் கம்ப்யூட்டர் பக்கத்துப் புரோகிராமை எழுதுங்கள். திரை வாங்கும் முன்பே அந்த நாலு வரியை டெர்மினலில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். எந்த வரியை நீங்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையோ அதைத் தூக்கிவிடுங்கள். வாரக் கடைசியில் எல்லா வரியும் போய்விட்டால் உங்களுக்கு இந்தத் திரை தேவையில்லை, ஆயிரம் ரூபாய் மிச்சம். இரண்டு வரியாவது நின்றால், கிளம்புங்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக் கடை மூடியிருக்கும்.